அனகாபுத்தூர்த் தறியும் ஆப்பிரிக்கக் கரையும்

பல்லாவரத்திலிருந்து பம்மல் வழியாகக் குன்றத்தூர் செல்லும் சாலையில், அடையாற்றின் அருகே அனகாபுத்தூர் இருக்கிறது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட இவ்வூர், பேருந்தில் கடந்து செல்வோருக்குப் பத்தோடு பதினொன்றான ஒரு புறநகர். ஆயினும் இங்குள்ள கைத்தறிகளில் நெய்த கட்டம் போட்ட துணி ஒரு காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியா வரை சென்றது. நாட்டின் பொருளாதாரத்தில் நெசவின் பங்கு என்றவுடன் ஆலைகளையும் அந்நியச் செலாவணியையும் எண்ணிப் பழகிவிட்ட நாம், இவ்வூரின் கதையையும் சற்றே நினைவுகூர்வது தகும்.

சென்னையே துணிக்காகப் பிறந்த நகரம். துறைமுகம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத இம்மணற்கரையை 1639-இல் பிரான்சிஸ் டே தேர்ந்தெடுத்ததற்கு, நல்ல பருத்தித் துணி இங்கே மலிவாகக் கிடைத்ததே முதன்மையான காரணம். காலடிப்பேட்டையும் சிந்தாதிரிப்பேட்டையும் பின்னர் நெசவாளரைக் குடியமர்த்துவதற்கென்றே கம்பெனியாரால் உண்டாக்கப்பட்டவை. சோழமண்டலக் கரையில் நெய்த கட்டத்துணி 'மெட்ராஸ் கைக்குட்டை' என்னும் பெயரால் உலகச் சந்தையில் அறியப்பட்டது. பெயர்தான் கைக்குட்டை, ஆப்பிரிக்கரோ அதை இடுப்பிலும் தலையிலும் அணிந்தனர்.

இங்கே நாம் பெருமையோடு நின்றுவிட இயலாது. ஐரோப்பிய வணிகர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்கியபோது விலையாகக் கொடுத்த பண்டங்களுள் இந்தியத் துணி முக்கியமானது. பாவு ஓட்டிய நம் முன்னோர் இதனை அறிந்திருக்க வாய்ப்பில்லை. அறியாமை அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கலாம். வரலாற்றிலிருந்து அத்துணியை விடுவிக்காது.

அடிமை வணிகம் ஒழிந்த பின்னும் துணி வணிகம் நிலைத்தது. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் காலபாரி மக்கள் இத்துணியை 'இஞ்சிரி' என்று அழைத்துத் தங்கள் மரபுடையாகவே ஏற்றுக்கொண்டனர். அவர்களுடைய பெண்கள் கட்டங்களுக்குள் சில இழைகளை மட்டும் நுணுக்கமாக அறுத்து உருவி, புதிய கோலம் ஒன்றைத் தோற்றுவிப்பர். நெய்தவர் இங்கே, நெய்ததைப் பிரித்து மீண்டும் படைத்தவர் அங்கே. இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

1960-இல் விடுதலை பெற்ற நைஜீரியா, தன் ஆலைகளைக் காக்கும் பொருட்டு 1970-களில் அயல்நாட்டுத் துணியின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. அனகாபுத்தூரில் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்நாட்டைக் குறை கூற நமக்கு நா எழவில்லை. அந்நியத் துணியை நடுத்தெருவில் எரித்து, அதனையே விடுதலைப் போரின் படைக்கலமாக்கிய நாடு நம்முடையது. மான்செஸ்டர் துணியால் நலிந்த நம் நெசவாளருக்காக நாம் கேட்ட நீதியைத்தான் அவர்களும் தம் மக்களுக்காகக் கேட்டனர். ஆனால் ஒரே சந்தையை நம்பியிருந்த ஒரு சிற்றூருக்கு இந்த நியாயம் உலை வைக்கவில்லை. நைஜீரியாவின் ஆலைகளும் நிலைக்கவில்லை என்பது வேறு கதை. கடூனா நகரின் பெரிய ஆலைகள் பல, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே மூடப்பட்டன.

எஞ்சிய நெசவாளர் சிலர் அனகாபுத்தூரில் வாழை நாரைப் பருத்தியோடு சேர்த்துச் சேலை நெய்யக் கற்றுக்கொண்டனர். காலபாரிக் குடும்பங்களோ பழைய கட்டத்துணிகளைத் தலைமுறைச் சொத்தாகப் பெட்டிகளில் பாதுகாக்கின்றன. வீட்டில் மூத்தவர் ஒருவர் இறந்தால், அவற்றை வெளியில் எடுத்து அவர் கிடத்தப்படும் கட்டிலை அலங்கரிக்கின்றன.