ஜீரோ கிலோமீட்டரும் மாலுமிகளின் அட்டவணையும்

சில வருஷத்துக்கு முன்னாடி வந்த ஒரு வேலை. கடைகள் ஒரு பட்டியல், வாடிக்கையாளர்கள் ஒரு பட்டியல். இரண்டிலும் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் பக்கத்துக் கடை எதுன்னு கண்டுபிடிக்கணும். கோள முக்கோணவியலின் கோசைன் விதியை அப்படியே கோடில் எழுதினேன். சென்னை–மதுரை தூரம் சரியாகத்தான் வந்தது. ஒரே ஊருக்குள் சோதித்தால், எதிர்வீட்டுக் கடையும் 0 கி.மீ., ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடையும் 0 கி.மீ.! பட்டியலில் முதலில் இருந்த கடைக்கே எல்லா ஆர்டரும் போய்க்கொண்டிருந்தது.

மெமரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று 32 பிட் ஃப்ளோட் போட்டிருந்தேன். அதுதான் வினை. கோசைன் விதி தருவது தூரத்தை அல்ல. பூமியின் மையத்தில் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே உள்ள கோணத்தின் கோசைனை. ஒரு கிலோமீட்டருக்கு அது சுமார் 0.99999999. ஏறக்குறைய ஏழு இலக்கம்தான் தாங்கும் 32 பிட் ஃப்ளோட் இதை 1 என்றே வைத்துக்கொள்ளும். கோசைன் 1 என்றால் கோணம் 0, தூரமும் 0. 1-க்குக் கீழே அது அறிந்த அடுத்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன்: 2.2 கி.மீ. நடுவில் ஒண்ணுமே கிடையாது!

எல்லோரும் சொல்வதுபோல ஹாவர்சைன் சூத்திரத்துக்கு மாறினேன், சரியாகிவிட்டது. ஆனால் அந்த விசித்திரமான பெயர் எங்கிருந்து வந்தது?

கப்பலிலிருந்து. 19-ஆம் நூற்றாண்டு மாலுமியிடம் இருந்தது மடக்கை அட்டவணைப் புத்தகம். ஐந்து இலக்க அட்டவணையில் 10 கலை கோணம் வரைக்கும் கோசைன் 1.00000தான். கடலில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். ஆக 10 கடல் மைல் தூரமும் அவனுக்கு ஜீரோ. என்னுடைய அதே பிழை!

அவர்கள் கண்ட வழி, கோசைனை விட்டுவிட்டு, 1-லிருந்து அது எவ்வளவு குறைகிறது என்பதையே நேரடியாக அட்டவணை போடுவது. அந்தக் குறைவுக்கு வெர்சைன் என்று பெயர். (நம் சூரிய சித்தாந்தத்தில் இது உத்கிரமஜ்யா, மாலுமிகளுக்குப் பல நூற்றாண்டு முந்தையது.) அதில் பாதி ஹாவர்சைன், அதாவது பாதிக் கோணத்து சைனின் வர்க்கம். கோணம் சின்னதானால் இதுவும் சின்னதாகும், ஆனால் இலக்கங்கள் தொலையாது. எதிர்மறை ஆகாது என்பதால் மடக்கை எடுக்கவும் தடையில்லை. இந்தப் பெயரை 1835-இல் தன் கடல்வழிக் கணிதப் புத்தகத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் இன்மன்.

கால்குலேட்டர் வந்ததும் அட்டவணைகள் பரணுக்குப் போயின, ஹாவர்சைனும் கூடவே. 1984-இல் ஸ்கை அண்ட் டெலஸ்கோப் இதழில் ஆர்.டபிள்யூ. சினாட் கம்ப்யூட்டர்காரர்களுக்காக அதைத் திரும்ப எடுத்துக் கொடுத்தார்.

நியாயமாகச் சொன்னால், 64 பிட்டில் கோசைன் விதியே மீட்டர் கணக்குக்குப் போதும். பூமியை உருண்டை என்று கொள்வதால் இரண்டு சூத்திரத்திலும் வரும் 0.5% வரையிலான பிழை அதைவிடப் பெரிசு. இருந்தாலும் அந்தக் கோடை நான் மாற்றவில்லை. மேலே ஒரு வரி கமென்ட் மட்டும் சேர்த்தேன்: ‘இன்மன், 1835’.