மெட்ராஸ் சாப்பர்கள்: இரண்டாம் உலகப் போரில் தம்பிகளின் பங்கு

இரண்டாம் உலகப் போர் என்றதும் ஹிட்லர், சர்ச்சில், ஹிரோஷிமா என்று சில பெயர்கள்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் போரின் முக்கியமான போர்முனைகள் பலவற்றில் தமிழ் பேசும் வீரர்களும் இருந்தார்கள். எரித்ரியாவின் மலைகள், எகிப்தின் பாலைவனம், இத்தாலியின் காசினோ, பர்மாவின் காடுகள் என்று அவர்கள் போகாத இடம் குறைவு. அவர்களில் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியவர்கள் மெட்ராஸ் சாப்பர்கள்.

கேட்காமலே வந்த போர்

1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவும் ஜெர்மனியுடன் போரில் இருப்பதாக அறிவித்தார். இந்தியத் தலைவர்கள் யாரையும் அவர் கலந்து பேசவில்லை. அதே பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் இருந்த கனடாவோ, தன் பாராளுமன்றத்தைக் கூட்டி விவாதித்து, ஒரு வாரம் கழித்து செப்டம்பர் 10 அன்றுதான் போரை அறிவித்தது. இதை எதிர்த்து மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் அமைச்சரவையும் அக்டோபர் மாதத்தில் விலகியது.

ஆனாலும் போர் முடிவதற்குள் இந்திய ராணுவம் சுமார் 25 லட்சம் பேராக வளர்ந்தது. கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமல் திரட்டப்பட்ட படைகளில் உலகிலேயே பெரியது இதுதான். ஏறத்தாழ 87,000 பேர் உயிரிழந்தனர்.

"போருக்கு லாயக்கில்லாதவர்கள்"

1880களில் சென்னை ராணுவத்தின் தளபதியாகவும், பிறகு இந்திய ராணுவத் தலைமைத் தளபதியாகவும் இருந்தவர் ராபர்ட்ஸ். தென்னிந்தியர்கள் நீண்ட காலம் அமைதியில் வாழ்ந்து போர்க்குணத்தை இழந்து விட்டார்கள் என்பது அவர் கருத்து. வீர இனங்கள், வீரமற்ற இனங்கள் என்று மக்களைப் பிரித்து ஆளெடுக்கும் வழக்கம் அப்போது வலுப்பெற்றது. பஞ்சாபிகளுக்கும் கூர்க்கர்களுக்கும் முன்னுரிமை கிடைத்தது. மெட்ராஸ் காலாட்படைப் பட்டாலியன்கள் குறைந்து கொண்டே வந்து, முதல் உலகப் போருக்குப் பின் வந்த ஆண்டுகளில் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்த பிறகுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் உருவாக்கப்பட்டது.

இந்தக் கத்திரிக்குத் தப்பியது ஒரே ஒரு பழைய படை, மெட்ராஸ் சாப்பர்கள். 1780ல் பயனியர் படையாகத் தொடங்கிய இவர்களின் தலைமையகம் பெங்களூரில் இருந்தது. ராணுவத்தில் இவர்களுக்கு வழங்கிய செல்லப் பெயர் "தம்பி". பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது ஆகியவை சாப்பர்களின் வேலை. கேட்பதற்குக் கட்டட வேலை போலத் தோன்றும். ஆனால் காலாட்படையும் டாங்கியும் ஓரிடத்தைக் கடக்க வேண்டுமானால், அவர்களுக்கு முன்னால் அங்கே போக வேண்டியவர் சாப்பர்தான். போரிட லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட மக்கள், படைக்கு முன்னால் நடக்கும் வேலையைச் செய்தார்கள்!

கெரன் முதல் காசினோ வரை

இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்ற படைகளில் புகழ்பெற்றது நான்காவது இந்திய டிவிஷன். மெட்ராஸ் சாப்பர்களின் 12வது ஃபீல்டு கம்பெனியும் 11வது ஃபீல்டு பார்க் கம்பெனியும் இதில் இருந்தன.

1941ல் எரித்ரியாவில் உள்ள கெரன் மலைகளை இத்தாலியர்கள் பிடித்து வைத்திருந்தனர். மலைக்கு நடுவே இருந்த ஒரே சாலையைப் பாறைகளால் தகர்த்து அடைத்து விட்டனர். பல வாரச் சண்டைக்குப் பின் இந்திய சாப்பர்கள் அந்த அடைப்பை நீக்கி வழி திறந்தனர். மார்ச் 27 அன்று கெரன் வீழ்ந்தது. 1942 அக்டோபரில் எல் அலமைன், 1943ல் துனீசியா என்று இந்த டிவிஷன் தொடர்ந்து போரிட்டது. 1943 மே மாதம் ஜெர்மன் தளபதி வான் ஆர்னிம் சரணடைந்ததும் இதனிடம்தான்.

1944ல் இத்தாலியின் காசினோவில், டாங்கிகள் ஏற முடியாது என்று ஜெர்மானியர் நம்பிய மலையில், இந்திய, நியூசிலாந்துப் பொறியியல் படைகள் காவண்டிஷ் சாலை என்ற பாதையை வெட்டின. மார்ச் 19 அன்று டாங்கிகள் அந்த வழியே மேலே போயின. தாக்குதல் வெற்றி பெறவில்லை என்றாலும், வழி போடப்பட்டது உண்மை. மே மாதம் நடந்த அடுத்த தாக்குதலில் எட்டாவது இந்திய டிவிஷன் காரி ஆற்றைக் கடந்தபோது துணைக்கு வந்தவை கனடாவின் டாங்கிகள்.

சுபேதார் சுப்பிரமணியன்

கண்ணிவெடி அகற்றும் வேலை எப்படி நடக்கும்? முன்னால் ஒருவர் கருவியை வைத்துத் தரையைச் சோதித்துக் கொண்டே போவார். பின்னால் வருபவர்கள் வெள்ளை நாடாவை விரித்து, பாதுகாப்பான பாதையைக் குறிப்பார்கள். நாடாவுக்கு வெளியே ஒரு அடி வைத்தாலும் ஆபத்து. ஜெர்மானியரின் சில வெடிகள் மிதித்தவுடன் வெடிக்காது. சில விநாடிகள் கழித்து இடுப்பு உயரத்துக்கு எழும்பி, சுற்றி நிற்கும் எல்லோரையும் தாக்கும்.

1944 பிப்ரவரி 24 அன்று காசினோவுக்குத் தெற்கே மிக்னானோ என்ற இடத்தில் 11வது ஃபீல்டு பார்க் கம்பெனியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் தன் ஆட்களுடன் இருந்தார். ஒரு கண்ணிவெடி வெடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் அதன் மேல் தானே விழுந்து படுத்தார். அவர் இறந்தார், உடன் இருந்தவர்கள் பிழைத்தனர். பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருதை வழங்கியது.

எதிர்ப்பக்கத்திலும் தமிழர்கள்

இதே போரில் மறுபக்கத்திலும் தமிழர்கள் நின்றார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட இந்திய வீரர்கள் பலரும், மலாயாவின் தோட்டத் தொழிலாளர்களும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்தவர். இன்று நந்தனம் சிக்னலில் சிலையாக நிற்கும் முத்துராமலிங்கத் தேவர், நேதாஜியின் கட்சிக்காரர். போர்க் காலத்தின் பெரும் பகுதியைச் சிறையில் கழித்தார்.

சுதந்திரத்துக்குப் பின் நேதாஜியின் பக்கம் நின்றவர்களை நாம் கொண்டாடினோம். அது நியாயமே. பிரிட்டிஷ் சீருடையில் இறந்தவர்களைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியாமல் பேசாமல் இருந்து விட்டோம்.

நினைவு எங்கே?

நந்தனத்திலிருந்து அண்ணா சாலையில் தெற்கே போய், கத்திப்பாராவில் பூந்தமல்லி சாலைக்குத் திரும்பினால் நந்தம்பாக்கத்தில் மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம் வருகிறது. 1952ல் அமைக்கப்பட்ட இங்கே இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேரின் கல்லறைகள் உள்ளன. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் ஆங்காங்கே புதைக்கப்பட்டவர்களை ஒன்றாகக் கொண்டு வந்த இடம் இது. வெளிநாட்டுப் போர்முனையில் இறந்த நம்மவர்கள் இங்கே இல்லை. இத்தாலியில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் அங்கேயே தகனம் செய்யப்பட்டனர். சாங்ரோ ஆற்றின் அருகே உள்ள நினைவுச் சின்னம் அப்படிப்பட்ட 500க்கும் மேற்பட்டவர்களை நினைவுகூர்கிறது.

சுப்பிரமணியன் பிரிட்டிஷ் ராஜாவுக்காக அந்த வெடியின் மேல் விழவில்லை. பக்கத்தில் நின்ற தன் ஆட்களுக்காக விழுந்தார். அவரை நினைப்பதற்குப் பிரிட்டிஷ் ஆட்சியை ஆதரிக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் பெயர் நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.