வளவுச் சேவல் ஏன் பாய்கிறது?

கிளிநொச்சியில் எங்கள் வளவில் ஒன்பது ஊர்க்கோழிப் பேடுகளுக்கு ஒரு சேவல் நின்றது. போன மாரிக்கு முன், அக்காவின் நான்கு வயது மகள் குஞ்சொன்றைத் தூக்கியபோது அது பாய்ந்தது. காயம் கண்ணுக்கு ஒரு விரல் கீழே. “உதைப் பிடிச்சுச் சட்டிக்குள்ள போடுங்கோ” என்றார் அத்தான். அம்மா சம்மதிக்கவில்லை. குஞ்சு விற்று வரும் கைக்காசு அந்தச் சேவலை நம்பியிருந்தது.

2009க்குப் பிந்திய மீள்குடியேற்றத்தில், வன்னியில் பல குடும்பங்கள் கோழி வளர்த்தும் வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கின. ஆகவே சேவலை வெட்டுவதா, விடுவதா என்பது வீட்டு வரவுசெலவுக் கேள்வியும்தான்.

சேவலின் முதல் வேலை காவல். பிராந்து வட்டமிட்டால் ஒரு குரல், தரையில் கீரியோ நாயோ வந்தால் வேறு குரல் கொடுக்கும். இரை கண்டால் பேடுகளைக் கூப்பிடும். பல சேவல்கள் நின்றால் விடியலில் தலைமைச் சேவலே முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி தொடரும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். ஐந்தாறு மாதத்தில் பருவமடையும் சேவல், தன் கூட்டத்தை நெருங்கும் மனிதரையும் எதிரியாக எண்ணக்கூடும்.

பாயுமுன் அது அறிகுறி காட்டும். ஒரு செட்டையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் சுற்றும். கழுத்து இறகைச் சிலிர்க்கும். அப்போது ஓடினால் துரத்தும். உதைத்தால் சண்டைக்கு அழைத்ததாகிவிடும். வாளியையோ பலகையையோ இடையில் பிடித்து, அது விலகும்வரை அசையாமல் நில்லுங்கள். சிறுவர்களைத் தனியே கோழிகளிடம் விடவேண்டாம். காயம்பட்டால் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஏற்புவலித் தடுப்பூசி பற்றி வைத்தியசாலையில் கேளுங்கள். கண்ணுக்கு அருகில் என்றால் உடனே போகவேண்டும்.

எட்டுப் பத்துப் பேடுகளுக்கு ஒரு சேவல் போதும். பேடுகளின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தால் சேவல் கூடிவிட்டது என்று கொள்ளலாம். விடலைகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்குமுன் விற்றுவிடுங்கள். சாப்பாட்டு முட்டைக்கு மட்டும் என்றால் சேவலே தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால், சேவலை அகற்றி ஓரிரு கிழமைக்குப் பின் இடும் முட்டைகளை நம்பி அடை வைக்க முடியாது.

அந்தக் கணக்கில்தான் அம்மா பொறுத்தார். சேவலைக் கம்பிவலைக்குள் விட்டோம். அடை பொரித்தது. பிறகும் அது அம்மாவின் காலில் பாய்ந்தது. மூர்க்கம் குஞ்சுகளுக்கும் இறங்கக்கூடியது என்பதால் அதன் வாரிசு எதையும் சேவலாக வைக்கவில்லை. அயல் வளவிலிருந்து சாதுவான சேவலொன்றை மாற்றாக எடுத்தோம். இரத்த உறவில் இனம் பெருகுவதும் அதனால் தவிர்ந்தது.

கடைசியில் நடந்தது அத்தான் சொன்னதுதான். ஆனால் மாற்றுச் சேவல் வளவுக்கு வந்தபிறகு.