சாவி யாரிடம்? கிராபிக்ஸ் டிரைவர்களின் கதை

திண்டுக்கல் பூட்டு வாங்கினால் சாவியும் கூடவே வரும். பூட்டு ஒருவரிடமும் சாவி கடைக்காரரிடமும் இருந்தால் அதை யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் கணினி விஷயத்தில் பல வருடங்களாக நடந்தது அதுதான்.

திரையில் படம் வரைவது கிராபிக்ஸ் சிப். அதற்கு எந்தக் கட்டளையை எப்படிக் கொடுப்பது என்று தெரிந்த மென்பொருள்தான் டிரைவர். சிப்பின் விவரங்களைத் தயாரிப்பாளர் வெளியிட்டால் யார் வேண்டுமானாலும் டிரைவர் எழுதலாம், திருத்தலாம். வெளியிடாவிட்டால் நிறுவனம் கொடுப்பதுதான் டிரைவர்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துக் கதை அல்ல. 2007 வாக்கில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதே ஆண்டில் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. இப்படித்தான் தாடிக்கொம்பு போன்ற பேரூர்களின் பிளஸ் டூ மாணவர்கள் கைக்கும் லினக்ஸ் வந்தது.

லினக்ஸ் இலவசம்தான். ஆனால் அது ஒழுங்காக ஓடுவது சிப் தயாரிப்பாளரைப் பொறுத்தது. இங்கே மூன்று நிறுவனங்களும் மூன்று விதம்.

இன்டெல் தன் கிராபிக்ஸ் டிரைவர்களைத் திறந்த மூலமாகவே தந்தது. ஆனால் 2008ல் சில ஆட்டம் கணினிகளில் வந்த ஜிஎம்ஏ 500 சிப்பின் உள்ளே இருந்தது இமாஜினேஷன் நிறுவனத்தின் பவர்விஆர். அதன் விவரங்கள் வெளியாகவில்லை. பிறகு லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த டிரைவரால் திரையில் படம் காட்ட முடிந்தது, 3டி வேகம் கிடைக்கவில்லை. பெயர் இன்டெல் என்பது மட்டும் போதாது.

2006ல் ஏடிஐயை வாங்கிய ஏஎம்டி, 2007 செப்டம்பரில் சிப் விவரங்களை வெளியிடுவதாக அறிவித்தது. அதன் பலன் 2009ல் தெரிந்தது. ரேடியான் 9500 முதல் எக்ஸ்1950 வரையிலான பழைய கார்டுகளுக்குத் தன் மூடிய டிரைவர் ஆதரவை ஏஎம்டி நிறுத்திக்கொண்டது. ஆனால் அந்தக் கார்டுகள் குப்பைக்குப் போகவில்லை. திறந்த மூல டிரைவர் அவற்றைத் தொடர்ந்து ஓட வைத்தது.

என்விடியா பல வருடங்கள் கதவைத் திறக்கவில்லை. சிப் எப்படி இயங்குகிறது என்பதைக் கவனித்துக் கவனித்தே நூவோ என்ற டிரைவரைத் தன்னார்வலர்கள் எழுதினார்கள். அது 2010ல் கெர்னலில் சேர்ந்தது. 2012ல் பின்லாந்தில் ஒரு கூட்டத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவைக் கெட்ட சைகையோடு திட்டியது உலகம் முழுக்கப் பரவியது. பத்து வருடம் கழித்து, 2022 மே மாதம், டூரிங் முதலான புதிய சிப்களுக்குக் கெர்னல் பகுதியை மட்டும் என்விடியா திறந்தது. ஓபன்ஜிஎல், வல்கன் பகுதிகள் மூடியே இருந்தன.

நிறுவனத்துக்குப் பழைய சிப் லாபம் தராது. அதனால் சில வருடங்களில் கைவிட்டுவிடும். ஆனால் அரசுப் பள்ளி மாணவர் வீட்டில் அதே மடிக்கணினியில்தான் தம்பியும் தங்கையும் படிப்பார்கள். டிரைவர் திறந்திருந்தால் அந்தக் கணினிக்குப் புதிய லினக்ஸ் போடலாம். மூடியிருந்தால் நிறுவனம் நிறுத்திய நாளோடு சரி.

லட்சக்கணக்கில் கணினி வாங்கும் அரசு விலையோடு இதையும் கேட்கலாம். ஒரே ஒரு கணினி வாங்குபவரும் கேட்கலாம்: "சாவி கூட வருமா?"