செங்கொடி முதல் வகுப்பறை வரை: வேகத்தோடு போராடிய ஒரு நாட்டின் வரலாறு



தவறு செய்தவனைத் தண்டித்தால் திருந்துவானா, கற்பித்தால் திருந்துவானா? ஆசிரியர் அறையில் அடிக்கடி எழுகின்ற வினா இது. பிரம்பு வேண்டும் என்பார் ஒருவர். வேண்டா என்பார் மற்றொருவர். இவ்வினாவுக்கு விடை தேட நான் இம்முறை பள்ளிக்கு வெளியே, சாலைக்குச் செல்கிறேன். அதுவும் நம் நாட்டுச் சாலைக்கு அன்று. பிரிட்டன் நாட்டுச் சாலைக்கு. வாகனங்களின் வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்நாடு பாடுபட்டு வந்திருக்கிறது. தண்டனை, காப்புறுதி, கல்வி ஆகிய மூன்றையும் அது ஒன்றன்பின் ஒன்றாகக் கையில் எடுத்தது. அந்த வரிசையே நமக்கு ஒரு பாடம்.

செங்கொடிக் காலம்

நீராவி வண்டிகள் சாலையில் ஓடத் தொடங்கிய காலத்தில், 1865ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ஊர்ப்புறத்தில் மணிக்கு 4 மைல், நகருக்குள் 2 மைல், அதற்குமேல் ஓடக்கூடாது. வண்டிக்கு 60 கெஜம் முன்னே ஒருவர் செங்கொடி ஏந்தி நடக்க வேண்டும். மனிதன் நடக்கும் வேகத்தை இயந்திரம் மிஞ்சக்கூடாது என்பதே அச்சட்டத்தின் உட்கருத்து. 1878இல் கொடி கட்டாயம் இல்லை என்றானது. ஆயினும் முன்னே நடக்கும் ஆள் நின்றுவிடவில்லை.

1896ஆம் ஆண்டு சனவரியில் கெண்ட் மாவட்டத்துப் பேடக் வுட் என்னும் ஊரில் வால்டர் ஆர்னால்டு என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் மகிழுந்து ஓட்டிச் சென்றார். காவலர் ஒருவர் மிதிவண்டியில் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார்! வேகக் குற்றத்திற்காக நீதிமன்றம் விதித்த தண்டம் ஒரு ஷில்லிங்கும் செலவுத் தொகையும். பிரிட்டனில் வேகத்திற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மகிழுந்து ஓட்டுநர் என்று வரலாறு இவரைத்தான் குறித்து வைத்திருக்கிறது.

இதைப் படித்துச் சிரிக்கலாம். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் இலண்டனில் கிரிஸ்டல் பேலஸ் வளாகத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கோல் என்னும் 44 வயதுத் தாய் மகிழுந்து மோதி இறந்தார். உடன் அவருடைய மகளும் இருந்தார். எதிர்பாரா விபத்து என்று விசாரணை முடிந்தது. இப்படியொரு நிகழ்வு இனி ஒருபோதும் நேராதிருக்கட்டும் என்று விசாரணை அதிகாரி விருப்பம் தெரிவித்ததாகச் சொல்வார்கள். அவ்விருப்பம் நிறைவேறவில்லை என்பதை நாம் அறிவோம்.

மூன்று மாதம் கழித்து, நவம்பரில், புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேக வரம்பு 14 மைல் வரை உயர்ந்தது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 20 மைல் ஆக்கியது. வண்டிகளுக்குப் பதிவெண்ணும் ஓட்டுநருக்கு உரிமமும் வந்தன. உரிமம் பெறத் தேர்வு உண்டா? இல்லை. ஐந்து ஷில்லிங் கட்டினால் போதும். ஓட்டத் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை.

வணக்கம் வைக்காத காவல்காரர்

கற்பிக்காமல் தண்டித்தால் என்ன ஆகும்? பிடிபடாமல் இருப்பது எப்படி என்பதைத்தான் மக்கள் கற்றுக்கொள்வர். காவலர்கள் புதருக்குள் மறைந்திருந்து நேரம் கணக்கிட்டனர். அந்த மறைவிடங்களைப் பற்றி ஓட்டுநர்களை எச்சரிக்கவே 1905இல் வாகனமோட்டிகள் ஒரு சங்கம் அமைத்தனர். சங்கத்தின் ஆட்கள் மிதிவண்டியில் சென்று உறுப்பினர்களுக்குத் தகவல் சொல்லி வந்தனர்.

அப்படி எச்சரிப்பது குற்றம் என்று 1910இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் ஒரு தந்திரம் செய்தது. உறுப்பினரின் வண்டியைக் கண்டால் அதன் ஆள் வணக்கம் வைப்பது வழக்கம். வணக்கம் வைக்கவில்லையென்றால் வண்டியை நிறுத்திக் காரணம் கேளுங்கள் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லப்பட்டது. வணக்கம் வைக்காததைக் குற்றம் என்று எந்த நீதிமன்றம் சொல்ல முடியும்? நம் வகுப்பறையில் ஆசிரியர் வருவதைக் கண்டு சாளரத்தருகே இருமிக் காட்டும் மாணவனை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

காப்புறுதி வந்தது

ஆண்டுகள் சென்றன, வண்டிகள் பெருகின. அடிபட்டவர்களின் துன்பமும் பெருகியது. ஓட்டுநர்மீது வழக்குத் தொடுத்து வென்றாலும், அவரிடம் பணம் இல்லையென்றால் தீர்ப்பு வெறும் காகிதந்தான். காலிழந்த தொழிலாளியும் தந்தையை இழந்த குடும்பமும் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதாயிற்று.

இதற்குத் தீர்வாக 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. காப்புறுதி இல்லாமல் சாலையில் ஓட்டுவது குற்றமாயிற்று. நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலும் இதே கட்டாயம் தொடர்கிறது. ஆண்டுதோறும் சாலை வரியைப் புதுப்பிக்குமுன் நாம் காப்புறுதி எடுப்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அதே 1930ஆம் ஆண்டுச் சட்டம் வேறொன்றும் செய்தது. மகிழுந்துகளுக்கான வேக வரம்பையே நீக்கிவிட்டது! எவரும் மதிக்காத சட்டம் இருந்து பயனில்லை என்பது அன்றைய வாதம். 1931இல் சாலை நெறிமுறை நூல் ஒன்று ஒரு பென்னி விலையில் வெளியிடப்பட்டது. இழப்பீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறது, நல்லறிவுக்கு நூல் இருக்கிறது, இனி மக்கள் பொறுப்போடு ஓட்டுவார்கள் என்று நம்பினார்கள்.

1934இல் சாலை விபத்துகளில் 7,343 பேர் மாண்டனர். காயமுற்றோர் இரண்டு இலட்சத்து முப்பதாயிரத்திற்கும் மேல். மாண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நடந்து சென்றவர்கள். காப்புறுதி இழப்பீடு தரும். உயிரைத் திருப்பித் தராது. இந்த எளிய உண்மைக்கு அந்நாடு கொடுத்த விலை மிகப் பெரிது.

1935ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர், என்ற வரம்பு வந்தது. சூன் மாதம் முதல் புதிய ஓட்டுநர்களுக்குத் தேர்வு கட்டாயமாயிற்று. ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் தேர்வு எழுதத் தேவையில்லை. பெரியவர்களுக்கு இனி என்ன கற்பிப்பது என்ற எண்ணம் போலும்.

மீண்டும் வகுப்பறைக்கு

அந்த எண்ணம் மாற அரை நூற்றாண்டு ஆயிற்று. இடையில் 1965இன் இறுதியில் நெடுஞ்சாலைகளுக்கு 70 மைல் வரம்பு சோதனையாக வந்து, 1967இல் நிலைத்தது. 1982 முதல் உரிமத்தில் குற்றப்புள்ளிகள் பதியும் முறை நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோகும். 1992இல் வேகக் கண்காணிப்புக் கருவிகள் சாலையோரம் நின்றன. மறைந்திருந்த காவலரின் வேலையைக் கருவி செய்யத் தொடங்கியது.

1988இல் போக்குவரத்துச் சட்டங்களை ஆராய்ந்த ஒரு குழு, தவறிழைத்த ஓட்டுநர்களுக்கு மறுபயிற்சி அளிக்கலாம் என்று பரிந்துரைத்தது. 1990களின் தொடக்கத்தில் டெவன் மாவட்டத்தில் அது செயல்வடிவம் பெற்றது. பின்னர் வேகக் குற்றத்திற்கென்றே தனி வகுப்பு உருவாகி நாடெங்கும் பரவியது. இன்று ஆண்டுதோறும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அவ்வகுப்பில் அமர்கின்றனர்.

அதன் முறை எளிமையானது. வரம்பைச் சற்றே மீறியவருக்குக் காவல் துறை இரண்டு வழிகளைக் காட்டலாம். ஒன்று, 100 பவுண்டு அபராதமும் மூன்று குற்றப்புள்ளிகளும். மற்றொன்று, கட்டணம் செலுத்திச் சில மணி நேர வகுப்பில் கலந்துகொள்வது. வகுப்பை முடித்தால் புள்ளி இல்லை. ஆனால் மூன்றாண்டுக்குள் மீண்டும் பிடிபட்டால் இவ்வாய்ப்பு கிடைக்காது. மிக வேகமாகச் சென்றவர்களுக்கும் கிடைக்காது.

காப்புறுதி இங்கேயும் வருகிறது. உரிமத்தில் புள்ளி இருந்தால் காப்புறுதிக் கட்டணம் கூடக்கூடும். ஐந்தாண்டு வரை அதனைக் கேட்கிறார்கள். வகுப்புக்குச் செல்வது குற்றத் தீர்ப்பு அன்று. ஆகவே பலர் அறிவைத் தேடி அங்கு வருவதில்லை. பணத்தை மிச்சப்படுத்தவே வருகின்றனர். (சில காப்புறுதி நிறுவனங்கள் வகுப்புக்குச் சென்றதையும் கேட்பதுண்டு என்பது வேறு கதை.)

விருப்பமில்லாமல் வந்த மாணவன் கற்பானா? 2018இல் பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சு வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. வகுப்புக்குச் சென்றவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மீண்டும் வேகக் குற்றம் புரிவது 12 முதல் 23 விழுக்காடு வரை குறைந்திருந்தது. அபராதத்தையும் புள்ளியையும்விட வகுப்பே கூடுதல் பயன் தந்தது. அதே ஆய்வு விபத்துகள் குறைந்தன என்று உறுதியாக நிறுவ இயலவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வகுப்பு ஒரு மந்திரக்கோல் அன்று. வரம்பும் கண்காணிப்பும் பின்னால் நிற்பதால்தான் வகுப்பும் நிரம்புகிறது.

நமக்கு என்ன?

அவ்வகுப்புகளில் சொல்லித்தரும் ஒரு கணக்கை நம் மாணவர்களுக்கும் சொல்லலாம். பிரிட்டனின் சாலை நெறிமுறை நூல் தரும் கணக்கு இது:

மணிக்கு 30 மைல் வேகத்தில் செல்லும் மகிழுந்து நிற்க 23 மீட்டர் ஆகும்.
மணிக்கு 40 மைல் வேகத்தில் செல்லும் மகிழுந்து நிற்க 36 மீட்டர் ஆகும்.

வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. நிற்கும் தூரமோ பாதிக்குமேல் கூடுகிறது. இடைப்பட்ட 13 மீட்டர் ஒரு வகுப்பறையின் நீளத்தைவிட அதிகம். பள்ளித் திடலில் அளவுநாடா கொண்டு இதனை அளந்து காட்டினால் நான்காம் ஆண்டு மாணவனுக்கும் விளங்கும். அவன் வீட்டிற்குச் சென்று தந்தையிடம் சொல்வான். காலையில் பள்ளி வாசலில் பிள்ளையை இறக்கிவிட விரைந்து வரும் தந்தைக்கு அந்தப் பாடம் மிக அவசரமாகத் தேவைப்படுகிறது.

பிரிட்டன் முதலில் தண்டித்தது, பிறகு இழப்பீடு தந்தது, கடைசியில்தான் கற்பித்தது. நாம் அதே வரிசையில் செல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. உரிமம் எடுக்க இன்னும் பத்தாண்டு இருக்கின்ற பிள்ளைகள் நம்முன் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்து தொடங்கலாம். பெற்றோர்களே, பின்னிருக்கையில் அமர்ந்து உங்கள் வேகமானியை எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு நீங்களே முதல் பயிற்றுநர் என்பதை மறவாதீர்.