நீலியும் கூலியும்

பொய்யழுகை அழுபவரைக் கண்டால் 'நீலிக் கண்ணீர்' என்கிறோம். அழுபவர் ஆடவராயினும் பழியைச் சுமப்பவள் நீலிதான். அவள் யார்? சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் திருவாலங்காடு நிலையத்தில் இறங்கினால், பழையனூர் என்னும் சிற்றூர் அருகில் உள்ளது. நீலியின் கதைக்கு அதுவே களம்.

காஞ்சியைச் சேர்ந்த ஒருவன் தன் மனைவியைக் கொன்றான். மறுபிறவியில் அவன் வணிகனாகப் பிறக்க, அவள் பேயாய்ப் பின்தொடர்ந்தாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, 'இவர் என் கணவர், என்னைக் கைவிட்டார்' என்று பழையனூரார் முன் அழுதாள். அஞ்சி நடுங்கிய வணிகனிடம் வேளாளர் எழுபதின்மர், 'உன் உயிருக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருவோம்' என்று வாக்களித்து, இருவரையும் ஓரிடத்தில் தங்கவைத்தனர். விடிவதற்குள் அவன் மாண்டான். எழுபதின்மரும் தீப்பாய்ந்து சொல்லைக் காத்தனர். சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இக்கதையின் குறிப்பு இருப்பதால், இதற்கு வயது ஆயிரத்து முந்நூறுக்குக் குறையாது.

மக்கள் வழக்கோ அவளது கண்ணீரை மட்டும் பிடித்துக்கொண்டது. முதலில் கொலையுண்டவள் அவளே என்பது மறைந்துபோயிற்று. கொன்றவன் பெயரால் ஒரு வசைச்சொல்லும் பிறக்கவில்லை, இது வியப்பன்றோ! சமணரின் நீலகேசிக் காப்பியம் மட்டும், கொல்லாமையை ஏற்றுப் பிற சமயத்தாரோடு வாதிடும் அறிவுடையவளாக அவளை உயர்த்தியது. அந்த நீலி நம் பேச்சில் இடம்பெறவில்லை.

வஞ்சகரைக் குறித்த சொல்லுக்கு நேர்ந்த இக்குறுக்கம், உழைப்பாளரைக் குறித்த சொல்லுக்கும் நேர்ந்தது. 'கூலி' திருக்குறளிலேயே உழைப்பின் பயன் என்னும் உயர்ந்த பொருளில் வருவது. ஊதியத்தின் பெயரான அது ஐரோப்பியர் நாவில் ஆளின் பெயராயிற்று. (குஜராத்தின் கோலி இனப்பெயரே மூலம் என்பாரும் உளர்.) சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16-இல் ஒப்பந்தத் தொழிலாளரை டர்பனில் இறக்கியது. வட ஆற்காட்டுச் சிற்றூர்களிலிருந்தும் பலர் பின்னர் அவ்வழியே சென்றனர். அங்கே அவர்கள் மட்டுமல்லர், இந்திய வணிகரும் கூலியே. காந்தியடிகள் 'கூலி பாரிஸ்டர்'.

அதே 1860-இல்தான் இந்தியத் தண்டனைச் சட்டமும் இயற்றப்பட்டது. ஏமாற்றுக் குற்றத்திற்கான அதன் 420-ஆம் பிரிவு நாளடைவில் ஏமாற்றுக்காரனின் பெயரே ஆனது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தைப் புதிய சட்டத்தின் 318-ஆம் பிரிவு பெற்றுள்ளது. ஆயினும், 'சரியான முந்நூற்றுப் பதினெட்டு' என்று யாரும் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை.