எழுத்தை மாற்றிய நாடு: துருக்கிப் பயணத்தில் கண்டது



துருக்கி என்றதும் கப்படோக்கியாவின் பாறைக் குன்றுகளும் விடியலில் மிதக்கும் வெப்பக்காற்றுப் பலூன்களும் பலருக்கும் நினைவில் எழும். அவற்றை நானும் கண்டு களித்தேன். ஆயினும், தமிழ் கற்பிக்கும் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது இஸ்தான்புல் நகரின் ஒரு கல்லறைத் தோட்டமே.

பொற்கொம்பு நீர்ப்பரப்பை நோக்கிய குன்றின்மேல் சுலைமானியா பள்ளிவாசல் எழுந்து நிற்கிறது. கட்டடக் கலைஞர் சினான், சுல்தான் சுலைமானுக்காக எழுப்பி 1557இல் முடித்த பெரும்பணி அது. சுல்தானின் கல்லறையைச் சூழ்ந்து நூற்றுக்கணக்கான நினைவுக்கற்கள் உள்ளன. ஆடவர் கற்களின் உச்சியில் தலைப்பாகையோ தொப்பியோ செதுக்கப்பட்டிருக்கிறது. பெண்களின் கற்களில் மலர்கள். அவற்றிலுள்ள எழுத்து அரபு; மொழியோ துருக்கியம். அங்கு வந்த துருக்கியர் பலரும் என்னைப் போலவே அழகை வியந்து படமெடுத்துச் சென்றனர். தம் முன்னோர் மொழியில் பொறித்த வரிகளைத் தனியே பயின்றவரன்றி மற்றவர் படிக்க இயலாது.

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது?

1923இல் துருக்கிக் குடியரசு பிறந்தது. துருக்கிய மொழிக்கு எட்டு உயிரொலிகள் உண்டு. அவற்றைப் பிரித்துக் காட்ட அரபு எழுத்து போதவில்லை; ஒரே எழுத்துக்கோவையைப் பலவாறு படிக்க நேர்ந்தது. 1927ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே எழுதப் படிக்கத் தெரிந்தவர். பின்னாளில் அத்தாதுர்க் எனப் பெயர்பெற்ற முஸ்தபா கெமால், 1928 ஆகஸ்டு 9ஆம் நாள் இஸ்தான்புல் பூங்காவொன்றில் இலத்தீன் எழுத்தை அறிவித்தார். பின்னர் ஊர் ஊராகச் சென்று கரும்பலகை முன் நின்று அவரே கற்பித்தார். நவம்பர் 1இல் சட்டம் நிறைவேறியது. டிசம்பரில் நாளிதழ்கள் மாறின. 1929 ஜனவரி முதல் நூல்களும் மாறின. பெரியவர்களுக்காக 'மக்கள் பள்ளிகள்' திறக்கப்பட்டன. 1935இல் எழுத்தறிந்தோர் ஐந்தில் ஒருவர் ஆயினர்.

இது பெரும் வெற்றி. எனினும், எழுத்து மாறியதால் மட்டும் விளைந்ததன்று. பள்ளியும் ஆசிரியரும் உடன் வந்ததால் விளைந்தது.

அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. 1932இல் தொடங்கிய மொழிக் கழகம், அரபு, பாரசீகச் சொற்களை நீக்கிப் புதுச்சொற்களை ஆக்கியது. எழுத்தும் சொல்லும் சேர்ந்து மாறின. 1927இல் அத்தாதுர்க் ஆறு நாள் ஆற்றிய பேருரை அக்கால மொழியில், பழைய எழுத்தில் அச்சாயிற்று. அதனையே பிற்காலத் தலைமுறைக்காக இன்றைய துருக்கியத்தில் பெயர்த்தெழுத வேண்டியதாயிற்று. சீர்திருத்தம் செய்தவரின் சொல்லுக்கே உரை தேவைப்பட்டது!

நம் நாட்டிலும் மலாய்மொழி ஜாவியிலிருந்து ரூமிக்கு மாறிய வரலாறு உண்டு. ஆயினும், தேசிய மொழிச் சட்டம் ரூமியை ஏற்றபோதே ஜாவிக்குத் தடையில்லை என்றும் கூறியது. சமயக் கல்வியிலும் ஊர்ப் பெயர்ப் பலகைகளிலும் ஜாவி இன்றும் உயிரோடிருக்கிறது. பழையதைக் கைவிடாமலே புதியதை ஏற்கலாம் என்பதற்கு அது சான்று.

இப்போது நம் பிள்ளைகளின் கைப்பேசியைப் பாருங்கள். தமிழை உரோமன் எழுத்தில் எழுதுகின்றனர். துருக்கியர் எழுத்தை மாற்றியபோது தம் ஒலிகளை ஆராய்ந்து, புள்ளியும் வாலும் சேர்த்து 29 எழுத்துகளை வகுத்தனர். நம் பிள்ளைகள் எழுதுவதிலோ லகர ளகர வேறுபாடு இல்லை. நகர ணகர னகர வேறுபாடும் இல்லை. அங்கே ஒரு நாடு எண்ணித் துணிந்து மாற்றியது. இங்கே எவரும் முடிவு செய்யாமலே மாற்றம் நடக்கிறது. பள்ளியும் இல்லை, சட்டமும் இல்லை, பயனும் இல்லை. இழப்பு மட்டும் உண்டு.

ஆகவே பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளைக்குத் தமிழ் எழுத்திலேயே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். தமிழ் எழுத்திலேயே மறுமொழி கேளுங்கள். ஆசிரியர்களே, கைப்பேசியில் தமிழ்த் தட்டச்சைப் பாடத்தின் ஒரு பகுதியாக்குங்கள். பாட்டியின் கடிதத்தைப் பேரப்பிள்ளை உரையின்றிப் படிக்க வேண்டும். அதற்கு அரசாணை தேவையில்லை. நம் பழக்கமே போதும்.